டேப் சுருங்கிய வருஷம்

ராஜபாளையத்தில் ஒரு வருஷம் முழுக்க, சட்டை போட்ட ஆண்கள் யாரும் சரியாக மூச்சு விடவில்லை. அதற்கு ஒரே ஓர் ஆள்தான் காரணம். அவர் தையற்காரர். அவருடைய பெயர் அவர் மனைவிக்கும் சர்ச் பதிவேட்டுக்கும் மட்டுமே தெரியும். ஊருக்கு அவர் ‘பதினாலரை’.

பதினாலரை அங்குலம் என்பது அவருடைய கழுத்தளவு. காலையில் கடையைத் திறந்ததும் முதல் காரியமாக டேப்பை எடுத்துத் தம் கழுத்தில் சுற்றிப் பிடிப்பார். பதினாலரை காட்டினால் டேப் சரி, வேலையைத் தொடங்கலாம். துணி டேப் மழையில் சுருங்கும், வெயிலில் தொய்யும், அதை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி.

“வயிறு ஏறும், எறங்கும். நெஞ்சு மூச்சுக்கு மூச்சு மாறும். மனுசன் ஒடம்புல சொன்ன சொல்லு மாறாதது கழுத்து ஒண்ணுதான் தம்பி” என்பார்.

அளந்ததை அளவு நோட்டில் எழுதியும் வைப்பார். மாதப் பிறப்பன்று இடுப்பளவும் சேரும். மற்றப் பக்கங்களில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் இருக்கும். இந்தப் பக்கத்தின் மேல் ‘நான்’ என்று இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நான் பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஃபாக்டரியில் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு உள்ளூர்ச் செய்தி எழுதி அனுப்புவேன். அவர் கடையின் பின்னறையில் குடியிருந்தேன். கண்ணில் பட்ட எதையும் தவறவிடாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

ஓர் ஐப்பசிக் காலையில் டேப் பதினைந்து காட்டியது.

“பாத்தீயளா, நேத்துப் பேஞ்ச மழையில அரை அங்குலம் சுருங்கிட்டு!”

சுருங்கிய டேப் கூட்டித்தான் காட்டும் என்று, அன்றிலிருந்து யாரை அளந்தாலும் அரை அங்குலம் கழித்து எழுதினார். துணியை வெட்டுவது சுருங்காத மரக்கோலை வைத்து. ஆகவே ஊரில் தைத்த காலரெல்லாம் அரை அங்குலம் குறைந்தது. பங்குனியில் டேப் பதினைந்தரைக்கு வந்தது. மதுரையிலிருந்து புது டேப் வரவழைத்தார். அதுவும் பதினைந்தரையே காட்டியது. “சீமையிலயே சுருக்கித்தான் அனுப்புதான்” என்று முடிவு கட்டி, ஓர் அங்குலமாகக் கழிக்கத் தொடங்கினார். சீமைக்காரன் விடவில்லை, ஆவணியில் பதினாறு.

ஊர் திணறியது. சேத்தூரிலிருந்து அவர் தைத்த சட்டையில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பெண் வந்து நின்ற நேரம் பார்த்து முகம் நீலம் பாரித்துச் சாய்ந்துவிட்டான். இவ்வளவு வெட்கப்படுகிற பிள்ளை கிடைக்காது என்று பெண் வீட்டார் அங்கேயே சம்மதித்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடகர் குழுவின் ஆண்கள் எல்லோரும் அவர் தைத்த புதுச் சட்டையில் வந்து நின்றார்கள். பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறிய இடத்தில் ஒரு பொத்தான் தெறித்து ஆர்மோனியத்தில் விழுந்தது. அடுத்த அடியைப் பெண்கள் மட்டும் பாடினார்கள்.

என் சட்டை மட்டும் கழுத்தை இறுக்கவில்லை. எனக்குக் கழுத்து ஒல்லி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையே அவரும் மாறிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் அவருடைய கிறுக்கோடு சேர்த்துவிட்டோம். மார்கழிக் குளிரிலும் புழுங்குகிறது என்று ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தைத்தார். அவர் மிதித்த வேகத்தில் தையல் மெஷின் நகர்ந்து நகர்ந்து மத்தியானத்துக்குள் வாசலுக்கு வந்துவிடும். மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டும் குச்சியாக இளைத்தார். கண்கள் பிதுங்கி, சும்மா பார்த்தாலே அதட்டுவது போலிருந்தது. நூலை ஊசியில் கோக்கக் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை ஃபாக்டரியில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாடகர் குழு கடை வாசலில் கூடிவிட்டது. நான் ஃபாக்டரியிலிருந்து இரும்பு அளவுகோலைக் கொண்டுவந்து அதன்மேல் டேப்பை நீட்டிக் காட்டினேன். இம்மி பிசகவில்லை.

“டேப் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

அவர் டேப்பைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். “அப்போ என் கழுத்தா பொய் சொல்லுது?”

கூட்டம் சிரித்தது. அன்றே ஊர் அவர் பெயரைப் ‘பதினாறு’ என்று திருத்திக்கொண்டது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“ஒரு வருசமா நானும் சொல்லுதேன் தம்பி. இந்த மனுசன் நெஞ்சு அடிக்கது அடுப்பங்கரை வரைக்கும் கேக்குது. நீங்க கூடப் போயி ஒரு நல்ல டாக்டர்ட்டக் காட்டுங்க. தனியா அனுப்புனா, அவிய டாக்டருக்குச் சட்டை அளவெடுத்துட்டு வந்துருவாவ.”

போனோம். முதல் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். கோபக்காரர்களுக்குக் கண் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி ஒரு புட்டி மிக்ஸ்சர் மருந்து கொடுத்தார். இரண்டாமவர் மெலிவைப் பார்த்துவிட்டு, பாலும் முட்டையும் நிறையச் சாப்பிடச் சொன்னார். மூன்று பேர் சாப்பாடு நாலு பேர் சாப்பாடாயிற்று. மூன்றாமவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயர்பெற்ற பெரிய டாக்டர். ரயிலேறிப் போய்க் காலையிலிருந்து காத்திருந்தோம். அவர் மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நரம்புத் தளர்ச்சி. எல்லாம் மனசுலதான் இருக்கு. ஒரு மாசம் மெஷினைத் தொடாதேயும்.”

“ஐயா, என் கழுத்து...”

“நான் டாக்டரா, நீர் டாக்டரா?”

நாலு படி இறங்குவதற்குள் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், திடீரென்று பையிலிருந்து அளவு நோட்டை உருவிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். பெரிய டாக்டர் வெளியே போகச் சொல்லிக் கையை வீசினார். பக்கத்து அறையில் புதிதாக வந்திருந்த சின்ன டாக்டர் ஒருவர், சண்டை வேண்டாமென்று நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இடுப்பு முப்பத்திரண்டுலேருந்து இருபத்தேழுக்கு எறங்கியிருக்கு. கழுத்து பதினாலரையிலேருந்து பதினாறுக்கு ஏறியிருக்கு. ரெண்டும் ஒரே ஆளா? யாருய்யா இந்த ‘நான்’?”

“நாந்தாங்கய்யா.”

“துண்ட எடும்.”

மூன்று டாக்டர்களில் ஒருவர்கூட இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை. அண்ணாச்சி தயங்கினார். காலர் பொத்தான் சேராத தையற்காரனை யார் மதிப்பார்கள் என்று அவர் அதை ஒரு வருஷமாக மறைத்து வந்திருக்கிறார். துண்டு விலகியது. தொண்டையின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, நாடிக்கு நாடி துடித்துக்கொண்டிருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷம் குடியிருந்திருக்கிறேன். கை நடுக்கத்தை நடித்துக் காட்டியவன், கழுத்தைப் பார்க்கவில்லை.

“தைராய்டுன்னு ஒரு சுரப்பி. அது அளவுக்கு மிஞ்சி வேலை பாக்குது” என்றார் சின்ன டாக்டர்.

“என் ஒடம்புலயா! அளவுக்கு மிஞ்சியா!” நோயைவிட அதுதான் அண்ணாச்சியைப் புண்படுத்தியது.

“இங்க அறுக்க ஏலாது. திருவிதாங்கூர்ல ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி தாரேன். இந்த மாசமே போயிருங்க. இதே ஓட்டம் ஓடுனா இதயம் தாங்காது.”

அண்ணாச்சி, அவர் மனைவி, நான், மூன்று பேரும் போனோம். இரண்டு வாரம் ஏதோ சொட்டு மருந்து கொடுத்துப் படபடப்பை அடக்கினார்கள். பிறகு அறுவை. மயக்க மருந்து கிடையாது. கழுத்து மட்டும் மரத்துப்போக ஊசி. குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம். வெள்ளைக்கார டாக்டர் வேதப் புத்தகத் தமிழில் விளக்கினார்.

“நீர் பேசிக்கொண்டேயிரும். உமது சத்தம் மாறுமானால் நான் நிறுத்துவேன்.”

“என்னத்தப் பேசட்டும் தொரை?”

“உமக்குத் தெரிந்ததை.”

கதவு சாத்தப்பட்டது. அவர் மனைவியும் நானும் வராந்தாவில் நின்றோம். கழுத்தில் கத்தி வைத்திருப்பார்கள் போலும் என்று நினைத்த கணத்தில், உள்ளே குரல் கேட்டது.

“ஜின்னிங் ஃபாக்டரி கணக்கப்பிள்ளை பதினஞ்சேகால்... போஸ்ட்மாஸ்டர் பதினாறு... வன்னியம்பட்டி மிராசு பதினேழரை, ரெட்டைநாடி... பாட்டுவாத்தியார் பதினஞ்சு, பாவம், அவருக்குப் பொத்தான் தெறிச்சிட்டு...”

ஊரே ஒவ்வொரு கழுத்தாக அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“தொரை, ஒங்க அங்கியில கழுத்துத் தையலு கோணலாப் போயிருக்கு.”

“பேசும், பேசும்.”

“சோழபுரம் வாத்தியார் பதினாலேமுக்கால்...”

குரல் நின்றது. உள்ளே ஏதோ தட்டில் விழுந்த சத்தம். அவர் மனைவி ஜெபத்தை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. செய்திக்காரன் என்று பெயர், கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு அதே குரல், துளியும் மாறாமல்:

“பின்னறைத் தம்பி பதிமூணேமுக்கால். கழிக்கப்படாது. குனிஞ்சே எழுதுத புள்ள, அதுக்கு ஒரு விரக்கடை கூடவே விடணும்.”

அண்ணாச்சி பிழைத்து ஊருக்கு வந்து, அத்தனை காலரையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். கழுத்து பதினாலரைக்கு அரை நூல் கூடுதலாக நின்றது. தழும்புக்குரியது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ஊரே திணறிய அந்த வருஷத்தில் எனக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டவில்லை என்பது, அந்த வராந்தாவில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.