ஹோல்டில் காத்திருந்தவர்களுக்கு அம்மா சொன்னது

எனக்குப் பொறுமை கிடையாது. நாலு நிமிடப் பாட்டில் இருபது விநாடி கேட்டாலே கால் தரையில் நிற்காது. தெலுங்கு பேசும் ஊரான ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் என் வேலை நிரந்தரமாக வேண்டிய வாரத்தில், இந்தக் குணம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஆபீஸ் போனில் ஹோல்ட் மியூசிக் கொசு அழுவது மாதிரி இருக்கிறது என்றார் மேனேஜர் ராவ் சார். மாற்றிக் காட்டினால் வெள்ளிக்கிழமை கன்ஃபர்மேஷன் கடிதத்தில் கையெழுத்து.

அப்பா சர்ச்சில் வயலின் வாசிப்பவர். பாடகர் குழுவின் ரெக்கார்டரை இரவல் வாங்கினேன். அதில் இரண்டு மைக், ஒன்று இடது காதுக்கு, இன்னொன்று வலதுக்கு. ஒன்றை வயலின் முன்னால் வைத்தேன். மற்றதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். (அங்கேதான் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்த மேதாவிக்கு அது உறைக்கவில்லை.) பதிவை இயர்போனில் கேட்டேன். என் இயர்போனில் இடது காது மட்டும்தான் வேலை செய்யும். அதில் வயலின் மட்டும் தேனாக வந்தது.

ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் பெட்டியோ எதைக் கொடுத்தாலும் துப்பியது. அதற்கு எட்டு கிலோஹெர்ட்ஸ் வேண்டுமாம், மோனோ வேண்டுமாம். மோனோ என்றால் இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவது. நாலாவது தடவை மாற்றிக் கொடுத்ததும் பெட்டி விழுங்கியது. இருபது விநாடி கேட்டேன், வயலின்தான். டீ குடிக்க ஓடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராவ் சார் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கடிதம், பக்கத்தில் பேனா. ஸ்பீக்கர் போனில் எங்கள் ஹோல்ட் மியூசிக். வயலினுக்கு நடுவே அம்மாவின் குரல்:

"அந்த ராவு இருக்காரே, டிபன் பாக்ஸ் தொறந்தா போதும், ஹாஜர்! என் மீன் குழம்பு பூராவும் அவர் வயித்துல. இவன் நக்கோ, வேணாம்னு சொல்லத் துப்பில்லாம பன்னு தின்னுட்டு வர்றான். கைக்கு? எதுக்கு இப்படிப் பயப்படணும்?"

ராவ் சாருக்குத் தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் தெம்பு. தன் பெயர் வருகிறதே, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"பிரேயர் சார். உங்களுக்காக."

அவர் பேனாவை மூடினார்.

"ஃபிஷ் கறி பிரேயரா?"

ஹோல்டில் காத்திருந்த கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர், காலையிலேயே வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்!

கன்ஃபர்மேஷன் மூன்று மாதம் தள்ளிப்போனது. ராவ் சார் என் டிபன் பாக்ஸ் பக்கம் வருவதை நிறுத்தினார். அது தெரிந்ததும் அம்மா மனசு கேட்காமல் அவருக்கென்று தனி பாக்ஸ் கட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் முடியும்போது, "ராவ் சாருக்காகவும்" என்று தங்கை சேர்த்துக்கொள்வாள். எல்லாரும் சிரிப்போம், அப்பாவைத் தவிர.

"நாலு நிமிஷம் வாசிச்சேன்" என்பார். "வயலினைப் பத்தி அந்தக் கோயம்புத்தூர்க்காரர் ஒரு வார்த்தை சொன்னாரா?"