ஆளுக்கு ஆறு தாள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஏழாம் எண் கழிப்பறையின் கதவு நாலு விரல் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது.

"மன்னிக்கணும். தொந்தரவு பண்றேன்னு நினைச்சுக்காதீங்க. இங்க காகிதம் இல்லைங்க."

நெவில் ஹார்பட்டில் அந்தக் கையில் ஒரு புதுக் காகித உருளையை வைத்தார். கை நன்றி சொல்வதுபோல் ஆடிவிட்டு உள்ளே போனது. ஒன்பது மணிக்குத்தான் இருபது கழிப்பறைகளிலும் அறைக்கு மூன்று உருளையாக அவரே வைத்திருந்தார். இப்போது பார்த்தால் பாதி அறைகளில் ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் சோறு தண்ணீர் இல்லாமல்கூட ஒரு பொழுதை ஓட்டிவிடலாம், காகிதம் இல்லாவிட்டால் மானம் போய்விடும்.

 

பிராம்பிள்டன் விமானத்தளத்தில் ஆண்டுக்கு ஒரு வார இறுதியில் பழைய விமானங்களின் வான்காட்சி நடக்கும். நெவில் மூன்று வருடங்களாகத் தொண்டர். மூன்று வருடங்களும் கழிப்பறைப் பொறுப்பு. அதற்கு முன் முப்பது வருடம் செருப்புக்கடையில் குனிந்து ஊரார் காலைப் பார்த்தவர். ஒரே ஒரு தடவையாவது மேலேயிருந்து கீழே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தொண்டர்களின் தலைவி மாரீன் இந்த வருடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"டைகர் மாத் விமானத்துல முன்சீட்டு உங்களுக்குத்தான் நெவில். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அதுவரைக்கும் கழிப்பறையப் பத்தி எங்கிட்ட ஒரு புகார் வரக்கூடாது. வந்துச்சுன்னா சீட்டு கார்டனுக்கு."

கார்டன் கார் நிறுத்துமிடத்துக்குப் பொறுப்பாளர். பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டு நாள் முழுக்க வானத்தைப் பார்க்கிறவர். அவருக்கு எதற்கு விமானம்?

நெவில் சாமான் கொட்டகையிலிருந்து உருளைகளை அள்ளி வந்து காலி அறைகளை நிரப்பினார். கால் மணி நேரத்தில் மறுபடி நாலு அறை காலி. ஒரு விசித்திரம்: பயன்படுத்தி மிச்சமிருந்த உருளைகளை யாரும் தொடவில்லை. புதியவை மட்டும்தான் மாயமாயின.

பக்கத்தில் தேநீர்க் கூடாரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பெரில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்யா நெவில், ஊர்ல திருடறதுக்கு வேற ஒண்ணுமா கிடைக்கல? நீயா எங்கயாவது வெச்சிட்டு மறந்திருப்ப."

"இத்தனை உருளைய எப்படிடீ மறப்பேன்?"

"கல்யாண நாள மறந்தவன்தானே நீ."

நெவில் எல்லா அறைகளிலிருந்தும் உருளைகளை எடுத்துவிட்டு, வாசலில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வருகிறவர்களுக்குத் தானே கிழித்துக் கொடுத்தார். ஆளுக்கு ஆறு தாள்.

திருட்டு நின்றது. வரிசை வளர்ந்தது. இந்த ஊர்க்காரர்கள் வரிசைக்கு முகம் சுளிக்கமாட்டார்கள்தான். ஆனால் தங்கள் தேவையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் உயிர் போய்விடும்.

"ஆறு வந்து..." என்று ஒரு பெரிய மனிதர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இழுத்தார். "பொதுவா ஆறுதானா?"

"ஆறுதாங்க."

"சூழ்நிலையப் பொறுத்து மாறாதா?"

பின்னாலிருந்து ஒரு பெண்மணி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு நாலு போதும். மிச்சம் ரெண்ட அவருக்குக் குடுங்க. பாவம், முகத்தைப் பாத்தாலே தெரியுது."

அந்த நேரம் பார்த்து மூன்றடுக்கு இறக்கை விமானம் ஒன்று தலைக்கு மேல் தடதடத்துக்கொண்டு போனது. வரிசை முழுக்க அண்ணாந்து பார்த்து ஆகா என்றது. நெவில் குனிந்து தாளை எண்ணினார். நாலா, ஐந்தா என்று விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வரிசை தேநீர்க் கூடாரத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. கேக் வாங்க வந்தவர்கள் அதுதான் கேக் வரிசை என்று நின்று, கடைசியில் கையில் ஆறு தாளோடு விழித்தார்கள்.

"என் வியாபாரத்தையே கெடுத்துட்டியேய்யா," என்றாள் பெரில். "ஒழுங்கா அந்தத் திருடனப் பிடி."

நெவில் வரிசையை நோட்டம் விட்டார். உள்ளூர்ப் பாதிரியார் ஒரு பெரிய துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றாவது முறையாக வந்து நின்றார். பையின் வாயில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டணும்."

பாதிரியார் சிவந்துபோனார். பையில் வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி, பைனாகுலர், ஒரு உருளை. நெவில் உருளையைத் தூக்கிப் பிடித்தார். வரிசை மூச்சைப் பிடித்தது. அப்புறம்தான் அது இளம் ஊதா நிறம் என்பது தெரிந்தது. மெத்து மெத்தென்று, பூப்போட்ட உயர்ந்த ரகம்.

"அது எங்க வீட்டுது," என்றார் பாதிரியார். "பதினோரு வருஷமா இங்க வர்றேன். அனுபவம் கத்துக் குடுத்தது."

நெவில் பத்து தடவை மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பது தன் உத்தியோகம் என்றும், ஆனால் இன்று காலை ஆராதனையோடு அந்த வேலை முடிந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டு, பாதிரியார் உருளையோடு நேராக வீட்டுக்குக் கிளம்பிப் போனார். மாரீனிடம் போகாமல் விட்டதே புண்ணியம்.  இன்னொரு பாதிரியாரைத் தாங்குகிற சக்தி நெவிலுக்கு இல்லை.

வாளியில் தண்ணீர் பிடிக்க விமானக் கொட்டகைப் பக்கம் போனபோதுதான் அதைக் கண்டார். டைகர் மாத்தின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கான்வாஸ் பை. உள்ளே புத்தம் புது உருளைகள். அவருடைய உருளைகள்.

என்ன நெஞ்சழுத்தம் அந்தத் திருடனுக்கு? விமானிகள் எவ்வளவு பெரிய மனிதர்கள், அவர்கள் நிழலில் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறானே. சுற்றுமுற்றும் பார்த்தார். ஆள் அரவமில்லை. நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் வருகிறது என்று எல்லோரும் வேலி ஓரம் போயிருந்தார்கள். நெவில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, சுவரோரமாகவே ஓடினார். அந்த மாபெரும் விமானம் தாழப் பறந்து தரையை அதிரவைத்துவிட்டுப் போனது. பத்தாயிரம் பேரில் அதைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

"இனிமே எவனும் திருட முடியாது பெரில்," என்று மூச்சிரைக்கச் சொன்னார். "உருளையா இருந்தாத்தானே தூக்குவான்?"

கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, மைதானத்திலிருந்த எல்லா உருளைகளையும் இருவரும் பிரித்தார்கள். ஆறு ஆறு தாளாக மடித்துக் கேக் பெட்டிகளில் அடுக்கினார்கள். பெரிலின் வாய் திட்டிக்கொண்டே இருந்தது, கை மட்டும் வேகமாக மடித்தது. ஒரு உருளைகூட மிஞ்சவில்லை. மூன்று மணிக்கு ஒவ்வொரு அறையிலும் ஒரு பெட்டி. வரிசை கரைந்தது. ஒரு புகார் இல்லை. நெவில் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

நாலே முக்காலுக்கு மாரீன் வந்தாள். கையில் தோல் தொப்பியும் கம்பளிக் கோட்டும் இருந்தன.

"பிரமாதம் நெவில். கேக் பெட்டியில அழகா மடிச்சு வெச்சிருக்கீங்களே, என் அக்காகூட வந்து பாராட்டினா. கிளம்புங்க, காத்தும் அடங்கிடுச்சு."

நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரில் அவர் கழுத்துப் பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "மேலேயிருந்து கையாட்டு. நான் பாத்துட்டே இருப்பேன்," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

முன்னிருக்கையில் ஏற்றி வார்ப்பட்டையை இறுக்கினார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே புல்வெளி விரிந்து தெரிந்தது. விமானி ஹ்யூகோ இறக்கைமேல் ஏறி நின்று அவர் தோளைத் தட்டினார்.

"உங்க வேலை ரொம்பச் சுலபம். காட்சி நேரத்துல சும்மா யாரையும் ஏத்தக்கூடாதுன்னு விதி. அதனாலதான் இந்த வேலைக்குன்னு ஒரு ஆள் வெச்சுக்கிறோம். மேல போனதும் நான் கை காட்டுவேன். நீங்க ஒண்ணொண்ணா எறியணும்."

"எதை?"

ஹ்யூகோ பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.

"அடுத்ததா, நீங்க எல்லாரும் காத்துக்கிட்டிருந்த நிகழ்ச்சி. டைகர் மாத்லேர்ந்து கழிப்பறைக் காகித உருளைகளை எறிவாங்க. அது வானத்துல நீள நாடாவா விரிஞ்சு இறங்கும். தரையத் தொடறதுக்குள்ள விமானி திரும்பி வந்து இறக்கையால அதை மூணு துண்டா வெட்டுவார்."

கூட்டம் கைதட்டியது. நெவிலின் கை வார்ப்பட்டையிலேயே நின்றுவிட்டது.

விமானக் கொட்டகைக்குள்ளிருந்து மெக்கானிக் ஃபிரான் வெறுங்கையோடு ஓடி வந்தாள். எண்ணெய்க் கறை படிந்த அவள் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

"மன்னிச்சிடுங்க நெவில் சார். நீங்க ஆசையா ஏறப் போறீங்களேன்னு காலைலேர்ந்து ஒவ்வொரு கழிப்பறையா ஏறி இறங்கி, புதுசாப் பாத்து உங்களுக்காகவே சேத்து வெச்சேன், எவனோ ஒரு திருட்டுப் பய பையோட தூக்கிட்டுப் போயிட்டான்."