தூங்குமூஞ்சி மரத்தைக் கொடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நானும் உங்கள் தம்பியும் நலம். லேத்தும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மரம் கடையும் இந்த லேத்து ஓடும்போது பேசினால் உங்களுக்குக் கேட்காது, ஓடாதபோது பேசினால் உங்கள் தம்பிக்குக் கேட்டுவிடும். அதனால் கடிதம்.

உங்கள் மதிலைச் சாய்க்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டப்போகிறீர்கள் என்று அறிந்தேன். அடிமரத்தை ஏற்றிவர உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி பேசியிருக்கிறார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது வந்து சேர்ந்தால் என் அறை எனக்கு இந்த ஜென்மத்தில் திரும்பக் கிடைக்காது.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறேன். விருப்ப ஓய்வு பெற்ற புதிதில் அவர் பயிற்சி வகுப்பில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மரக்கிண்ணம் கடைந்து உங்களிடம் காட்டினார். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா இதுல என்னத்த வைக்கிறது?" என்றீர்கள். அன்றிலிருந்து அவருக்குப் பெரிய கிண்ணம்தான் கடைய வேண்டும்.

லேத்து வாங்கப் போனோம். எவ்வளவு பெரிய கிண்ணம் என்று கடைக்காரர் கேட்டார். இவர் குழந்தையைத் தூக்கப்போகிறவர்போல் இரண்டு கைகளையும் விரித்தார். கடைக்காரர் அந்த இடைவெளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவ்ளோ பெருசுன்னா கனமான மிஷினா எடுங்க சார். மெதுவாவும் சுத்தணும். லேசா இருந்தா நடக்கும்." "எங்க நடக்கும்?" என்றார் இவர். "அது அதோட இஷ்டம் சார்." கனமானதை இறக்க ஆள் பிடிக்க வேண்டும் என்பதால், அதே அகலக் கிண்ணத்துக்கு இடம் கொடுக்கும் லேசானதையே எடுத்தார். வீட்டில் தரை மட்டமாக இருப்பது என் அறையில் மட்டும்தான் என்று ரசமட்டம் வைத்துக் காட்டினார். நான் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். அளந்து காட்டியதை என்னால் மறுக்க முடியவில்லை.

முதல் நாள், ஒரு பக்கம் பருத்த கட்டையை மாட்டி சுவிட்சைப் போட்டார். லேத்து குலுங்கி, மெல்லத் திரும்பி, வாசற்படியை நோக்கி நடக்கத் தொடங்கியது. என் அறைக்குள் வந்ததில் தானாக வெளியேறப் பார்த்தது அது ஒன்றுதான். அதையும் தடுத்துவிட்டார். அதன் கால்களுக்கு நடுவே ஒரு தட்டு அடித்து, கனத்துக்காக என் புத்தகங்களை அடுக்கினார். மணல் மூட்டை வைக்கலாமே என்றேன். "மணல் சிந்தும். உன் புத்தகம் சிந்துமா?" இப்போது எனக்குக் கரிம வேதியியலில் ஒரு சந்தேகம் வந்தால், அவர் கிண்ணத்தை முடிக்கும்வரை அந்தச் சந்தேகத்தை நான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். "உருவாத, உருவாத, ஆடும்" என்கிறார்.

அடுத்தது மரம். மரக்கடையில் கிடைப்பதெல்லாம் காய்ந்த பலகை. பெரிய கிண்ணத்துக்கு அது ஆகாதாம், ஈரம் போகாத அடிமரத்தை நெடுக்கில் பிளந்து கடைய வேண்டுமாம். அதனால் காற்று பலமாக அடித்தால் தெருவே ஜன்னலைச் சாத்துகிறது, இவர் செருப்பைத் தேடுகிறார். வீட்டுக்கு வந்த கட்டை சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்று முனைகளில் மெழுகு பூசுகிறார். மெழுகை உருக்குவது பால் பாத்திரத்தில். ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் ஒரு அரைக்கட்டை இருக்கிறது. குளியலறையில் இருப்பது துளிர்விட்டுவிட்டது, அதற்கு முதுகைக் காட்டியபடி குளிக்கிறேன். சரி, கடைந்தாவது முடித்தாரா என்று கேட்பீர்கள். தடிமனாகக் கடைந்து, மரச்சுருளோடு காகிதப் பையில் போட்டு, மாதக்கணக்கில் காயவிட்டு, கோணிக்கொண்டதை மறுபடி கடைந்தால்தான் முடியுமாம். "அப்ப இதெல்லாம் கிண்ணம் இல்லியா?" என்றேன். "ஆகப்போற கிண்ணம்" என்றார். வீடு முழுக்க ஆகப்போகிறவைதான் அண்ணி, ஆனது ஒன்றுகூட இல்லை.

காய்ந்ததா என்று அறிய அவர் தர்பூசணியைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்க்கிறார். தட்டினால் என்ன தெரியும்? எடை குறைவது நிற்க வேண்டும், அப்போதுதான் காய்ந்ததாக அர்த்தம். அதனால் வாரந்தோறும் சமையல் தராசில் வைத்து நானே நிறுத்துக் குறித்துவைக்கிறேன். அவர் சொல்வது தவறு என்று காட்டத்தான், வேறு ஆர்வம் எதுவும் இல்லை. சாப்பிடும்போது உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அவர் பிசைவதை நிறுத்திவிட்டு, "எது போச்சு?" என்பார். "ஜன்னலோரத்து வேம்பு" என்பேன். போய்ப் பார்த்தால் அதுதான் விரிசல் விட்டிருக்கும். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால், யாரோ கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். பொய் என்று நினைக்க வேண்டாம், நான் எழுதியதை வாசித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முழங்காலும் மதிலும் நீண்டகாலம் உறுதியாக நிற்கட்டும். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: வெட்டுகிறவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். மரம் இரண்டாகப் பிரிகிற கவைப் பகுதியைத் துண்டாக்காமல், அப்படியே முழுசாக விடட்டும். மர ரேகை அங்கேதான் அழகாக ஓடும். உங்கள் தம்பி கையில் கிடைத்தால் அவசரப்பட்டு அதைக் குறுக்கே அறுத்துவிடுவார். போன மாதம் அவர் பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, கிண்ணம் எதுவும் ஆகாததற்குக் குறை லேத்தில்தான் என்று நிரூபிப்பதற்காக நானே ஒரு கட்டையை மாட்டிப் பார்த்தேன். குறை லேத்தில் இல்லை. மெல்லிசாகவே கடைந்த அந்தக் கிண்ணம் என் புடவைகளுக்குப் பின்னால் இருக்கிறது, இரண்டு வாரமாக எடை மாறவில்லை. புத்தகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், எடுத்தால் ஆடும். கல்லூரி ஆய்வகத்துக்குப் பின்னால் கட்டை வைக்க இடம் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை காலை நான் வண்டியோடு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருக்காது.