ஒற்றை ஊர் மகாராணி

கணினி விளையாட்டில் தோற்பவர்கள் பொதுவாக நாலு சுவருக்குள், யாருக்கும் தெரியாமல் தோற்பார்கள். நான் மட்டும்தான் சொந்தபந்தங்களை பஸ் ஏற்றிக் கூட்டிவந்து, முன்வரிசையில் உட்காரவைத்துத் தோற்கத் தொடங்கியவள்.

யட்டியாந்தோட்டையில் போன் கடை வைத்திருக்கும் பாரிஸ் அண்ணன், ஊருக்கெல்லாம் பாரிஸ் நானா, நடத்திய போட்டி அது. ஊர்களைக் கட்டி, படை சேர்த்து, அண்டை அரசர்களைச் சமாளிக்கும் விளையாட்டு. நாம் ஒருமுறை நகர்த்தினால், கணினி அரசர்கள் அடுத்தமுறை நகர்த்துவார்கள். எல்லாருக்கும் ஒரே வரைபடம், ஆனால் அவரவர் திரையில் தனித்தனி ஆட்டம். முடிவில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்குக் கோப்பை. வாட்ஸ்அப் குழுவில் நடந்த சுற்றுகளில் நான்தான் முதலிடம். (இது தெரியாத வீடு எங்கள் தோட்டத்து லய வரிசையில் இல்லை. நானே போய்ச் சொன்னேன்.)

இறுதிச் சுற்று பஜார் மண்டபத்தில். முதலிடத்துக்காரியின் திரையை, அதாவது என் திரையை, சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். றப்பர் பால் வெட்டும் அம்மா, இரண்டு சித்திமாரோடு நல்ல சேலையில் வந்திருந்தார்.

இத்தனை பேர் பார்க்கும்போது சும்மா இருக்க முடியுமா? மொத்தப் படையையும் வடக்கே பனிமலைக்கு அனுப்பினேன். கைதட்டல் கிடைத்தது. அடுத்த முறையே தெற்கு அரசன் இரண்டு குதிரைக்காரர்களோடு ஆளில்லாத என் தலைநகருக்குள் நுழைந்தான்.

“அடியே, வீட்டத் தொறந்து போட்டுட்டு எங்கடி போன?” என்று அம்மா கத்தியதில் மண்டபமே சிரித்தது.

அதன்பின் மற்ற ஊர்களும் போயின. படை பனியிலேயே அழிந்தது. கை தவறிக் கட்டிய ஒரு மீனவக் கிராமம் மட்டும் கடலோரத்தில் மிஞ்சியது.

“அய்யோ நங்கி, ஒக்கொம இவரய்?” என்றான் பக்கத்து நாற்காலியில் ஆடிய நுவன். (தங்கச்சி, எல்லாம் முடிந்ததா என்று சிங்களத்தில் கேட்கிறானாம்.) நான் எழுந்தேன்.

“ஒரு ஊரு மிச்சம் இருக்குல்ல? உக்காருடி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு,” என்றார் அம்மா.

உட்கார்ந்தேன். சண்டை போட ஆளில்லை, இருந்ததெல்லாம் மீன். ஒவ்வொரு முறையும் எல்லா அரசர்களுக்கும் மீன் அனுப்பினேன். என் தலைநகரைப் பிடித்தவனுக்கும்தான். (வெட்கம் அந்தத் தலைநகரோடு போய்விட்டது.)

ஆட்டத்தின் முடிவில் அரசர்கள் சபை கூடி உலகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயிப்பவருக்குப் பெரிய போனஸ் புள்ளி. மற்ற போட்டியாளர்கள் ஊர் பிடித்துப் பிடித்து எல்லா அரசர்களையும் பகைத்திருந்தார்கள். என் ஆட்டத்தில் அரசர்கள் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். மீன்காரியை யாரும் வெறுக்கவில்லை. சுவரில் ஓட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, எல்லாம் எனக்கே!

“நானா, இது செல்லுமா?” என்றான் நுவன். அவன் ஆட்டத்தில் பாதி உலகமே அவன் கையில் இருந்தது.

பாரிஸ் நானா மைக்கைப் பிடித்தார். “சட்டத்துல இருக்கு தம்பி. ஒத்த ஊரு மகாராணிக்குத்தான் கோப்பை!”

சின்னச் சித்தி விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நான் ஒரு பேரரசியைப் போலவே மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன்.

இப்போதெல்லாம் வீட்டில் எந்தச் சமாதானத்துக்கும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். போன மாதம் அண்ணி கோபித்துக்கொண்டு தெரணியகலையிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் கிளம்பியதும் அம்மா தடுத்தார்: “நீ போனா சண்டதான் வரும். ஓட்டு வாங்குனவ போகட்டும்.”

கித்துல் மரத்துக் கருப்பட்டியோடு போனேன். கதவைத் திறந்த அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மீனு எங்க, மகாராணி?” என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் திரும்பினோம்.