உயரமான தம்ளரில்தான் ஜாஸ்தி

"நல்லா பாத்து சொல்லு. எதுல தண்ணி ஜாஸ்தி?"

வாண்டு மேஜை விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். ஒரு குண்டுத் தம்ளர், ஒரு ஒல்லித் தம்ளர். முதலில் ஒரே மாதிரி இரண்டு குண்டுத் தம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, "ரெண்டும் சமம்தானே?" என்று வாண்டுவையே ஒத்துக்கொள்ள வைத்து, அப்புறம்தான் அவள் கண்ணெதிரே ஒன்றை மட்டும் ஒல்லித் தம்ளருக்கு மாற்றியிருந்தாள் சீனியர். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"உயரமான தம்ளர்லதான் ஜாஸ்தி," என்றாள் வாண்டு.

"நிஜமாவா?"

"நிஜமா."

"எப்படி சொல்றே?"

"அதுதான் உயரமா இருக்கே அத்தை!" இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை வேறு.

சீனியர் குறிப்பு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். முதல் நாள் கேட்டபோதும் இதே பதில். நடுவில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று, இதே பதில்தான். வாண்டு வயதுப் பிள்ளைகள் எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் தண்ணீர் அதேதான் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று புத்தகம் சத்தியம் பண்ணுகிறது. புத்தகத்தை எழுதினவர் வாண்டுவைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சீனியர் என்பது பயிற்சிக் கல்லூரியில் வைத்த பேர். தலையில் அங்கங்கே நரை எட்டிப்பார்க்க ஒருத்தி ஆசிரியர் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தால், கூடப் படிக்கிற சின்னப் பெண்கள் என்னவென்றுதான் கூப்பிடுவார்கள்? முதலில் ஆன்ட்டி என்றார்கள். இவள் முகம் சுருங்கியதைப் பார்த்து சீனியர் ஆக்கிவிட்டார்கள். மரியாதையாகவும் ஆயிற்று, கிண்டலாகவும் ஆயிற்று. படிக்க வேண்டிய வயசெல்லாம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியே போய்விட்டது. அம்மாவும் போனபிறகு, இந்த மாடிப் போர்ஷனில் ஒற்றைத் தட்டும் ஒரு ரேடியோவும்தான் மிச்சம். கல்லூரிக்குக் கிளம்பும்போது ரேடியோவை அணைக்க மாட்டாள். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதற்காக. செய்தி வாசிக்கிறவரிடம் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

குழந்தை வளர்ச்சிப் பாடத்துக்கு ஒரே குழந்தையை ஒரு பருவம் முழுக்கக் கவனித்து அறிக்கை தர வேண்டும். மற்றவர்களுக்கென்ன, அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை என்று வீடு நிறையக் குழந்தைகள். இவளுக்கு ஏது? கீழ் வீட்டுத் தையல்காரியிடம் போய், அரைப்படி சர்க்கரை கேட்பது மாதிரி, அவள் பெண்ணைக் கடன் கேட்டாள். தையல்காரி வாயில் குண்டூசியோடு தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் வாண்டு மாடியில்.

இந்த அறிக்கை தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் இரண்டு தெரு தள்ளி இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு வேலை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், நாள் பூராவும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குத்தான் ஏங்கிக் கிடந்தாள் சீனியர்.

தண்ணீர் சரிப்படவில்லை என்றால் பழச்சாறு வைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. ருசியானது என்றால் பிள்ளைகள் அளவில் உஷாராக இருப்பார்கள் அல்லவா? ஊற்றினாள். கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் வாண்டு குண்டுத் தம்ளரைக் காலி பண்ணி, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப கேளுங்க அத்தை. இப்ப நிச்சயமா உயரமான தம்ளர்லதான் ஜாஸ்தி."

மறுக்க முடியுமா? எழுதிக்கொண்டாள்.

அடுத்தது களிமண். இரண்டு உருண்டை, ஒரே அளவு. ஒன்றைச் சப்பையாகத் தட்டினாள். சப்பையானதுதான் பெரிசு என்றது பிள்ளை. உருட்டிப் பாம்பாக நீட்டினாள். பாம்புதான் பெரிசு என்றது. அந்தப் பாம்பைக் கையோடு கீழே எடுத்துப் போய், தையல்காரி முடித்து மடித்து வைத்திருந்த யாரோ ஒருத்தியின் பட்டு ரவிக்கை மேல் சுருட்டிப் படுக்க வைத்தும் விட்டது. கறையை எடுக்க சீனியரும் தையல்காரியும் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தார்கள்.

"உங்களுக்கு நான் பெரிய தலைவலியா போயிட்டேன்," என்றாள் சீனியர், நுரைக் கையோடு.

"அட போங்கக்கா. நானும் எத்தன நாளா மெஷின் சத்தத்த மட்டுமே கேட்டுட்டு கெடக்கறது?"

ஒரே ஒரு நாள் வெளிச்சம் தெரிந்தது. முழு பிஸ்கட் ஒன்றைத் தன் பக்கமும், நாலாக உடைத்த பிஸ்கட்டை வாண்டு பக்கமும் வைத்து, "யாருக்கு ஜாஸ்தி?" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். உடைச்சா எப்படி ஜாஸ்தி ஆகும்?" என்று சட்டென்று சொல்லிவிட்டு வாண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிஸ்கட் தொண்டையில் அடைத்துக்கொண்டதாக்கும் என்று முதுகைத் தட்டினாள் சீனியர். அன்று அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கொட்டை எழுத்தில் எழுதினாள்: அளவு மாறாது என்ற புரிதல் வந்துவிட்டது.

மறுநாள் உடைத்த பிஸ்கட்தான் ஜாஸ்தி என்றாள் வாண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இந்த லட்சணத்தில் அறிக்கையின் முதல் பாதியைச் சிவப்பு மையிடம் காட்ட வேண்டி வந்தது. சிவப்பு மை என்பது பேராசிரியை. அவர் கைக்குப் போன தாள் எதுவும் வெள்ளையாகத் திரும்பி வந்ததில்லை.

"என்னம்மா இது? முந்தின நாள் தெரிஞ்சது மறுநாள் தெரியல. குழந்தைன்னா வளரும். தேய்றதுக்கு அது என்ன நிலாவா?"

"அவ அப்படித்தான் சொல்றா மேடம்."

"ஒண்ணு, குழந்தைக்கு ஏதோ கோளாறு. இல்ல, பாக்கறவங்களுக்குக் கோளாறு. எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க."

சீனியர் யோசித்தாள். பிஸ்கட் ஆசையில்தான் தப்பாகச் சொல்லி நாளைக் கடத்துகிறதோ? பிஸ்கட்டை நிறுத்தினாள். இரண்டாவது நாள் வாண்டுவே பாவாடைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"அத்தை, உங்ககிட்ட பிஸ்கட் தீந்துபோச்சா? இந்தாங்க. பாதி உங்களுக்கு."

அந்தப் பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டால், பதில் என்னவோ அதே தப்பு.

அப்படியானால் கண்ணில்தான் ஏதோ. பிள்ளைக்கு அளவே சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. மனசு பதறிப்போய்த் தையல்காரியிடம் ஓடினாள்.

"கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வரட்டுமா? பயந்துடாதீங்க, சும்மா ஒரு சந்தேகம்தான்."

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது.

"தாராளமா கூட்டிட்டு போங்க. ரெண்டு பேருக்கும் வெளில போயிட்டு வந்த மாதிரி இருக்கும்."

கண் டாக்டர் பலகையிலிருந்த கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். வாண்டு அதையும் படித்து, அதற்குக் கீழே பொடி எழுத்திலிருந்த அச்சகத்தின் பேரையும் படித்தாள். டாக்டர் திரும்பி சீனியரைப் பார்த்தார்.

"குழந்தைக்குக் கழுகுக் கண்ணு. நீங்க இப்படி வாங்க. அந்த ரெண்டாவது வரிய படிங்க பாக்கலாம்."

சீனியர் படித்தாள்.

"அது அங்க இல்லவே இல்லம்மா," என்றார் டாக்டர்.

ஆக, வாண்டுவின் கோளாறைக் கண்டுபிடிக்கப் போன சீனியர் புதுக் கண்ணாடியோடு வீடு திரும்பினாள். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தும் தம்ளர் விஷயம் துலங்கவில்லை.

மிச்சமிருந்தது தலையணைச் சோதனை. பெரிசு ஒன்று, அதற்கு முன்னால் சின்னது இரண்டு என்று மூன்று தலையணையை மலை மாதிரி நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஒரு பொம்மையை உட்கார வைத்து, அந்தப் பொம்மைக்கு அங்கிருந்து என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். சின்னக் குழந்தைகள் தங்களுக்குத் தெரிவதுதான் ஊருக்கெல்லாம் தெரியும் என்பார்கள். கொஞ்சம் வளர்ந்தால்தான் இன்னொருத்தர் இடத்திலிருந்து பார்க்கத் தெரியும். புத்தகம் இப்படித்தான் சொல்கிறது.

"பொம்மைக்கும் மூணு தலகாணி தெரியும். எனக்கு மூணு தெரியுதே," என்றாள் வாண்டு.

"நடுவுல பெரிய தலகாணி மறைக்காதா கண்ணு?"

வாண்டு இவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத இன்னும் நாலு நாள் விளையாடினா ஒருவேளை எனக்குத் தெரியலாம் அத்தை."

பெருமூச்சு விட்டு எழுதினாள் சீனியர்: பிறர் இடத்திலிருந்து பார்க்கும் திறன் இக்குழந்தைக்கு இன்னும் வரவில்லை.

அதைப் படித்த சிவப்பு மை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நானே வந்து அந்தக் குழந்தைய பாக்கறேன். நாளைக்கு சாயங்காலம்."

இப்போது சீனியர் ஒரு காரியம் செய்தாள். செய்திருக்கக்கூடாது. ஆனால் வேலை, பள்ளிக்கூடம், இரைச்சல் எல்லாம் கைநழுவிப் போகிறது என்றால் யாருக்குத்தான் புத்தி நேராக நிற்கும்? வாண்டுவை எதிரில் உட்கார வைத்தாள்.

"நாளைக்கு எங்க மேடம் வருவாங்க. தண்ணிய காட்டி எதுல ஜாஸ்தின்னு கேட்டா, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லணும். களிமண்ணுக்கும் அதேதான். என்ன?"

"ஏன் அத்தை?"

"இல்லன்னா அத்தை பெயிலாயிடுவேன்."

"பெயிலானா அழுவீங்களா?"

"அழுவேன்."

"சரியா சொன்னா எல்லாம் முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்டா செல்லம்."

வாண்டு அன்று பிஸ்கட்டைத் தொடவில்லை. படி இறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பரீட்சை பயம் பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டதே என்று சீனியருக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் சிவப்பு மை வந்தார். தண்ணீரை ஊற்றினார்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் வாண்டு. "ஊத்தினது அதே தண்ணிதானே? நடுவுல யாரும் குடிக்கலயே."

களிமண்ணைத் தட்டினார்.

"ஒண்ணுதான். தட்டினா அகலமாகும், ஆனா மெலிசாயிடும்ல?"

சிவப்பு மை பேனாவை மேஜை மேல் வைத்தார்.

"ரொம்ப கெட்டிக்காரி. இதெல்லாம் உனக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமா மேடம். நேத்து அத்தை சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் வாண்டு. பொய் சொல்லக்கூடாது என்று வீட்டில் நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

சீனியருக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"ஓஹோ." சிவப்பு மை தம்ளர்களைத் தள்ளி வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு பெரிய கூஜாவை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தார். கூஜாவுக்கு இந்தப் பக்கம், வாண்டுவின் மூக்குக்கு நேரே, சாக்குக்கட்டி ஒன்று. "இத யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது. அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்களே உங்க அத்தை, அவங்களுக்கு அங்கேருந்து என்ன தெரியும்?"

வாண்டு யோசிக்கவே இல்லை.

"கூஜா மட்டும்தான். சாக்குக்கட்டிய கூஜா மறைக்கும். நீங்க சிரிச்சாக்கூட அத்தைக்குத் தெரியாது, பாதி மூஞ்சிதான் தெரியும். அதான் அத்தை பயந்து போயிருக்காங்க."

சிவப்பு மை சிரிக்கவில்லை. சீனியர் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குழந்தைக்கு எல்லாம் தெரியுது. தெரியாதுன்னு ஒரு பருவம் பூரா எழுதியிருக்கீங்க. குழந்தைய பாக்காமயே, வீட்ல தனியா உக்காந்து கற்பனைல எழுதினதா?"

"இல்ல மேடம்... தினம் அவ என்கூடத்தான்... இந்த மேஜைலதான்..." சீனியர் சுற்றிலும் பார்த்தாள். நாற்காலி, ரேடியோ, ஒற்றைத் தட்டு. இவளுக்காகச் சாட்சி சொல்ல அந்த அறையில் யார் இருக்கிறார்கள்?

"அடுத்த வருஷம் வேற குழந்தைய வெச்சு, முதல்லேருந்து ஆரம்பிங்க." பேனாவின் மூடி திறந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில், மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சிவப்புக் கோடு புறப்பட்டது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரி படியேறி வந்தாள், கழுத்தில் அளவு டேப்போடு, பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட. சீனியரின் முகத்தையும் பாதியில் நின்ற கோட்டையும் பார்த்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள்.

"இவங்க எழுதினது ஒண்ணும் பொய்யில்ல மேடம்," என்றாள். "இவதான் முதல் நாளே கீழ வந்து சொல்லிட்டா, 'ரெண்டுலயும் ஒரே தண்ணிதாம்மா, ஆனா சரியா சொல்லிட்டா மாடி அத்தைக்கு வேலை முடிஞ்சிடும், அப்புறம் பாவம், அவங்க ரேடியோகிட்டதானே பேசணும்'னு."