பன்னிரண்டு மில்லிமீட்டர் பாக்கி

டாக்டருக்குத் தச்சர் தர வேண்டிய பாக்கி பன்னிரண்டு மில்லிமீட்டர்.

தொண்டையில் வந்த புற்றுநோய்க்கு முப்பத்து மூன்று நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்ததில் கட்டி கரைந்துபோனது. கூடவே எச்சில் வற்றியது, நாக்கில் ருசி செத்தது, தாடை இறுகிக்கொண்டது. வாய் முப்பத்தாறு மில்லிமீட்டர் திறக்க வேண்டும். இவருக்கு இருபத்து நாலோடு நின்றுவிட்டது.

"ஐஸ் குச்சி ரெண்டு மில்லி கனம். அடுக்கி அடுக்கிப் பல்லுக்கு நடுவுல குடுங்க. இப்போ பன்னிரண்டு குச்சி போகுது. மூணு மாசத்துல பதினெட்டு போகணும். இல்லேன்னா மயக்க மருந்து குடுத்து நாங்களே திறக்க வேண்டியதுதான்," என்றார் டாக்டர்.

ஆபரேஷன் தியேட்டரா? இறுகிப்போன கதவுகளை ஊர் முழுக்கத் திறந்துவிட்ட மனுஷன், சொந்த வாய்க்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தினமும் காலையில் மனைவி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணுவாள்.

"பத்து... பதினொண்ணு... பன்னிரண்டு. இன்னும் ஒண்ணு விடட்டுமா?"

"ஆ... ஆ..."

வேண்டாம் என்று அர்த்தம்.

பத்து நாளாகியும் பன்னிரண்டு அசையவில்லை. பதினோராம் நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அதைத்தான் தச்சரால் தாங்க முடியவில்லை.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து உப்புத்தாளை எடுத்தார். கதவு இறுகினால் ஓரத்தைச் சீவுவதில்லையா? வாயைச் சீவ முடியாது. குச்சியைச் சீவலாம். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு தேய்த்தார்.

மறுநாள் பதிமூன்று போனது.

"ஏங்க! பதிமூணு!" அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "நான் சொல்லலை? உங்க வாய் உங்க பேச்சைக் கேக்காம எங்க போயிடும்?"

அந்த முகத்துக்காக இன்னொரு தேய்ப்பு. பதினாலு. அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள், தங்கையிடம் சொன்னாள், பட்டறை மேஸ்திரிக்குப் போன் போட்டும் சொன்னாள். மேஸ்திரி நேரிலேயே வந்து நின்றார்.

"அண்ணே, பதினாலாமே! எங்க, காட்டுங்க பாப்போம்."

தச்சர் காட்டினார்.

"அடேங்கப்பா! பதினெட்டு வந்த மறுநாளே வேலைக்கு வந்துடுங்கண்ணே. எட்டு மாசமா ஆளில்லாம தவிக்கிறேன்."

வேலை என்றதும் கை பரபரத்தது. அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்துவிட்டார். பதினாறு. அடுத்த வாரம் பதினெட்டு. டப்பாவைக் குலுக்கினால் குச்சிகளின் சத்தமே இளைத்திருந்தது.

ஒருநாள் மனைவி வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டேங்க, பதினெட்டுன்னு! டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மாசம் நாலாம் தேதி வரச் சொன்னாரு, வேலைக்குப் போறதெல்லாம் அதுக்கப்புறம்தானாம். புதுசா கரண்ட் வச்சவங்க எட்டுப் பேர், பயந்துபோய் குச்சியைத் தொடவே மாட்டேங்குறாங்களாம். அவங்க முன்னாடி உங்க வாயைத் திறக்கச் சொல்லி அளந்து காட்டப் போறாரு."

தச்சர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவியது.

"எ... எதுல அளப்பாரு?"

"ஸ்கேல்லதான். அவருக்குக் குச்சி மேல நம்பிக்கை இல்லையாம்."

தன் மானம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எட்டுப் பேரும், 'இவருக்கே இவ்வளவுதானா?' என்று மனசு விட்டுவிட்டால்?

கையில் இருந்தது முப்பத்தோரு நாள். தேய்க்காத புதுக் குச்சிகளை வாங்கி, குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். ஒரு மடக்கு தண்ணீர், ஒரு குச்சி. தாடை துருப்பிடித்த கீல் மாதிரி முரண்டு பிடித்தது.

"என்னங்க, உள்ள ஒரு மணி நேரமா என்ன பண்றீங்க?"

"ஆ... ஆ..."

"வயித்தால போகுதா?"

"ஆ!"

அன்றிலிருந்து மூன்று வேளையும் வயிற்றுக்கு மருந்து. கசக்குமா இனிக்குமா என்று தெரியாத நாக்கு, அதனால் பிழைத்தார்.

பதிமூன்று வந்தது, பதினாலு வந்தது. பதினாறாவது குச்சி நுழைந்த நாள் வலியில் கண்ணீர் வழிந்து வாய்க்குள் இறங்கியது. உப்புக் கரித்தது. தச்சர் அப்படியே நின்றார். உப்பு! பல மாதத்துக்குப் பிறகு ஒரு ருசி! குச்சிகளோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இன்னொரு குச்சிக்கு இடம் கிடைத்தது.

நாலாம் தேதி எட்டுப் பேரும் கழுத்தை நீட்டிப் பார்க்க, டாக்டர் ஸ்கேலை வைத்தார்.

"முப்பத்தேழு!"

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்த பஸ் டிரைவர், "நெஜமாவே குச்சியிலதானா?" என்று கரகரத்தார்.

"குச்சியிலதான். ஆனா கடையில வாங்கின மாதிரியே வச்சுக்குங்க. தேய்ச்சிடாதீங்க," என்றார் தச்சர்.

டாக்டர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உங்க பாக்கி தீர்ந்துபோச்சு. ஒரு மில்லி நான்தான் உங்களுக்குத் தரணும்."

மேஸ்திரிக்குப் போன் போட மனைவி வெளியே ஓடினாள். தச்சர் நர்ஸிடம் மெல்லக் குனிந்தார்.

"டாக்டர் மட்டும் இந்தக் கூட்டத்தைக் கூட்டலைன்னா நான் இன்னும் பன்னிரண்டுலயே நின்னிருப்பேன்மா. என்ன ஒரு யோசனை!"

நர்ஸ் சிரித்தாள்.

"அது டாக்டர் யோசனை இல்லைங்க. 'எட்டு மாசமா வேலைக்கே போகாத தச்சர் வீட்டுல தினமும் மரத்தூள் பெருக்குறேன் சிஸ்டர், எதையாவது பண்ணி இவரைப் பயமுறுத்துங்க'ன்னு போன மாசமே உங்க வீட்டம்மா வந்து நின்னாங்க."