போறேன் என்று சொல்லக் கூடாது

ரொட்டிக்கடைக்காரர் கதவைத் தட்டியபோது டிக்கெட் அக்காவின் வாய் நிறையப் பற்பசை நுரை. அப்படியே போய்த் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற மனிதரின் கையில் ஒரு காகிதப் பை. முகமோ, பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமலே போன சம்பந்தியை நேரில் பிடித்துவிட்டவர் முகம்.

அவர் படபடவென்று ஏதோ சொன்னார். அக்கா கைப்பேசியை நீட்டினார். உள்ளே இருந்த மொழிபெயர்ப்பாளன், நமக்கென்ன வந்தது என்கிற செய்தி வாசிப்பாளர் குரலில் அதைத் தமிழாக்கினான்.

"அம்மையீர், நேற்றும் தாங்கள் வரவில்லை. நான் காத்திருந்தேன்."

அக்கா நுரையை விழுங்கிவிட்டார்.

"நேத்து காலையில வந்தேனே! ரொட்டி வாங்கினேனே!"

"வாங்கினீர்கள். வாங்கிவிட்டு, சென்று திரும்பி வருவேன் என்று உரைத்தீர்கள். பதினெட்டு நாட்களாக உரைக்கிறீர்கள். பதினெட்டு நாட்களாகத் தங்களுக்கென்று ஒரு ரொட்டியை எடுத்து வைத்துவிட்டுக் கடையை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி ஐயுறுகிறாள்."

டிக்கெட் அக்கா என்பது உத்தியோகத்தால் வந்த பெயர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து, ஊரையெல்லாம் ஊர் ஊராக அனுப்பி வைத்தவர். தான் மட்டும் வீட்டுக்கும் கவுண்டருக்குமாகவே நடந்து தீர்த்தார். ஓய்வு பெற்ற மறுமாதம், "ஒரு வருஷம், தன்னந்தனியா, வெளிநாடு. ஒரு ஊருக்கு மூணு வாரம்" என்று அறிவித்தார். சூட்கேஸை ஏழு தடவை எடை போட்டுப் பார்த்த மாப்பிள்ளையுடன் வாசலிலேயே ஒரு சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறினார்.

இது முதல் ஊர். மூன்றாவது வாரம்.

முதல் வாரம் முழுக்க வாயைப் பிளந்ததோடு சரி. குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதே ஒரு ஆராய்ச்சி. வரிசையில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம் விட்டு நிற்கிறார்கள். அக்காவின் பழைய கவுண்டராக இருந்தால் அந்த இடைவெளியில் ஒரு குடும்பம் லக்கேஜோடு நுழைந்திருக்கும். இங்கே டிக்கெட் கொடுக்கிற பெண் விரலில் எச்சில் தொட்டுக்கொள்கிறாளா, ஸ்பாஞ்சைத் தொடுகிறாளா என்று பார்ப்பதற்காகவே தினமும் ரயில் நிலையத்துக்குப் போனார். இரண்டும் இல்லை. டிக்கெட்டைத் தொடுவதே மெஷின்தான். அப்படியானால் இந்தப் பெண் எதற்கு? அதைக் கண்டுபிடிக்க மறுநாளும் போனார்.

இரண்டாவது வாரம் கெட்டிலுடன் பேசத் தொடங்கினார். "கொதிச்சிட்டியா? இரு, வரேன்." மூன்றாவது வாரம் கெட்டில் பதில் சொல்லாததற்குக் கோபம் வந்தது. ஒரு வருஷம் தாக்குப்பிடிப்போமா என்கிற கேள்வி அப்போதுதான் மெல்ல வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

மகளும் சும்மா விடவில்லை. தினம் ஒரு போன். தினம் ஒரே கேள்வி: "எப்ப வர்றே? சரியா ஒரு தேதி சொல்லேன்மா." கூடவே மாடியில் இருக்கும் அக்காவின் அறையைப் பற்றி ஏதாவது விசாரணை. ஜன்னல் கொக்கி ஏன் இறுகுது? பீரோவை நகர்த்தினா சுவர்ல கறை இருக்குமா? அம்மா இல்லாத அறையில் போய்ப் போய் உட்கார்ந்துகொள்கிறாள் போல என்று அக்காவுக்கு மனசு கரையும்.

ரொட்டிக்காரரிடம் அந்தப் பழைய ரொட்டியையும் வாங்கிக்கொண்டு, கும்பிட்டு அனுப்பிவிட்டு, மகளை அழைத்து நடந்ததைச் சொன்னார்.

"ஏம்மா, 'போயிட்டு வரேன்'னு நம்ம பேச்சை அப்படியே அவங்க பாஷையில சொன்னா, வருவேன்னுதானே நினைப்பாங்க? 'போறேன்'னு சொல்லிட்டுப் போயேன்."

"சீ, வாயைக் கழுவுடி! யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? போறேன்னு சொல்லிட்டுப் போனவங்க என்னிக்காவது திரும்பி வந்திருக்காங்களா?"

மறுமுனையில் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"ஏய், இருக்கியா?"

"இருக்கேன்மா. அது கிடக்கட்டும். மாடி கீசரை எத்தனை நிமிஷம் போடணும்?"

"பத்து நிமிஷம் போதும். ஏண்டி, நீ ஏன் மாடியில போய்க் குளிக்கிறே?"

"சும்மாதான்மா. எப்ப வர்றே?"

பாவம், என் சோப்பு வாசனைக்காகப் போகிறாள் என்று அக்கா மூக்கை உறிஞ்சினார்.

பிறகுதான் உறைத்தது. ரொட்டிக்கடையில் மட்டுமா சொன்னோம்? மொழிபெயர்ப்பாளனிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, மனப்பாடம் செய்து, எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அல்லவா சொல்லியிருக்கிறோம்!

சரி, வருவேன் என்று சொன்னோம். வந்துவிட்டால் தீர்ந்தது என்று கிளம்பினார். முதலில் சலவைக்கடை. சலவைக்கார அம்மா ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இறுதியில் வந்துவிட்டீர்கள்!" என்றான் மொழிபெயர்ப்பாளன். அடுத்து ரயில் நிலையம். டிக்கெட் பெண் ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் திறந்தாள். "தாங்கள் வருவதாகச் சொன்னதால் மூன்று வாரமாக நான் மதிய உணவுக்குச் செல்வதில்லை."

"அடிப்பாவி, சாப்பிடாம உட்காரலாமா? நானும் கவுண்டர்ல உட்கார்ந்தவதான். அல்சர் வந்துடும். போ, போய்ச் சாப்பிடு."

எல்லாம் சுபமாக முடிந்தது. மனசு லேசானது. லேசான மனசோடு திரும்பி, பழக்கதோஷத்தில், வாய் நிறையச் சிரித்து, "போயிட்டு வரேன்" என்றார்.

டிக்கெட் பெண் எடுத்த சாப்பாட்டு டப்பாவை மறுபடி மூடி வைத்தாள்.

திரும்பும் வழியில் ரொட்டிக்கடையிலும் அதேதான் நடந்தது. சலவைக்கடையிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்; திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பழைய வாக்கு தீர்ந்த இடத்தில் புது வாக்கு முளைத்துவிட்டது.

மறுநாள் அக்கா வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினார். ரொட்டியை வாங்கினார், விறுவிறுவென்று வெளியே வந்தார். சலவைத் துணியை வாங்கினார், ஓட்டமாக வந்தார். பின்னாலேயே சலவைக்கார அம்மாவும் ஓடி வந்தார்.

"எவரேனும் தங்களைப் புண்படுத்தினரா? சட்டையின் பொத்தான் உடைந்ததாலா?"

"பொத்தான் உடைஞ்சிருக்கா?" என்றார் அக்கா. அதுவரை அவருக்கே தெரியாது.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே சேதி போய்விட்டது. அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா, ரொட்டிக்காரர் சமாதானத்துக்குக் கொடுத்தனுப்பிய கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கள் தெருமீது தங்களுக்கு என்ன சினம்?"

"சினமும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. நான் போறப்போ என்ன சொல்றதுன்னு தெரியாம தவிக்கிறேன்."

மொழிபெயர்ப்பாளன் இதை எப்படிச் சொல்லித் தொலைத்தானோ, வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

வேறு வழியில்லை. மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று அந்த விபரீதச் சொல்லையே பழகினார். போறேன். உடம்பு சிலிர்த்தது. தொடையில் கிள்ளிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். பிறகு சலவைக்கடைக்குப் போய், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் மறு கையை வைத்து, கண்ணை மூடி, நடுங்கும் குரலில் அந்த ஊர்ப் பேச்சில் சொன்னார்:

"நான் போகிறேன்."

சொன்ன வார்த்தை சரிதான். சொன்ன விதம்தான் போகிற விதமாக இல்லை, போய்ச் சேருகிற விதமாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது அவரைத் துணி மூட்டைமேல் படுக்க வைத்திருந்தார்கள். ஒருவர் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். டாக்டர் வந்து நாடி பார்த்தார்.

"எங்கே போகிறீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரூமுக்குத்தான் டாக்டர்!"

டாக்டர் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூட்டத்தில் இரண்டு பேர் விம்மினார்கள்.

அதற்கு அடுத்த நாளோடு அக்காவின் மூன்று வாரம் முடிந்தது. மத்தியானம் அடுத்த ஊருக்கு ரயில். பெட்டியைக் கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தால், மாடிப்படியில் ஒரு ஆள் சூட்கேஸ்மேல் உட்கார்ந்திருந்தார். அடுத்து இந்த அறைக்குக் குடிவர முன்பணம் கட்டியவராம். வீட்டுக்காரம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அரசமரம் மாதிரி வழியை மறித்து நின்றார்.

"என்னங்க இது? அவருக்கு ரூமைக் கொடுங்க. நான்தான் கிளம்பறேனே."

"முதல் நாளே தாங்கள் என்ன சொன்னீர்கள்? சென்று திரும்பி வருவேன் என்று சொன்னீர்கள். வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவரின் அறையை இன்னொருவருக்குக் கொடுக்க நான் என்ன மனிதப் பிறவி இல்லையா?"

"ஐயோ, அது சும்மா ஒரு வழக்கம்..."

"தங்கள் கட்டில் அப்படியே இருக்கும். தங்கள் கெட்டிலும்."

படியில் இருந்த ஆள் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்காவின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. முன்னே பின்னே தெரியாத ஒரு பொம்பிளை. முக்கால்வாசி பேச்சு கையாலும் கண்ணாலும்தான். ஒரு சொல்லை நம்பி அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்நிய ஜனமே இப்படி என்றால், பெற்ற மகள் எப்படித் தவிப்பாள்? மூன்று வாரமாக எப்ப வர்றே, எப்ப வர்றே என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியிருப்பாளே! கீசர் போட்டு அம்மா குளியலறையில் குளிக்கிறாளே!

உலகம் எங்கும் ஓடிவிடாது என்று அக்கா தீர்மானித்தார். படியில், அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மகளை அழைத்தார்.

"அம்மா! சொல்லு. எப்ப வர்றே?"

"இனிமே நீ கேட்க வேண்டாம்டி. நாளைக்கே வரேன். டிக்கெட்டை மாத்திடறேன். ஊர் சுத்தினது போதும். மாடியைப் பெருக்கித் தண்ணி தெளிச்சு வை."

மறுமுனையில் 'ஐயோ' என்று ஒரு முனகல்.

"என்னடி, அழறியா? அழாதே. வந்துட்டேன்னு வெச்சுக்கோ."

போனில் யாரோ யாரையோ இடிப்பது கேட்டது. "நீங்களே சொல்லுங்க, நீங்கதானே பண்ணீங்க" என்று மகள் கிசுகிசுப்பது கேட்டது. பிறகு, வாசல் சண்டைக்கப்புறம் மூன்று வாரமாக வாயே திறக்காத மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"அத்தை, அன்னிக்கு என்மேல கோவிச்சுக்கிட்டு வாசல்ல 'நான் போறேன்'னுதானே சொல்லிட்டுப் போனீங்க? அதை நம்பி மாடி ரூமுக்கு மறுநாளே வாடகைக்கு ஆள் வெச்சுட்டோமே!"